அவசரப்படாத ஆராய்ச்சிக்கூடம்
பொறுமையாகப் பணம் கொடுத்தார்கள், பரிசுகள் குவிந்தன!

நம் ரத்தம் ஏன் சிவப்பாக இருக்கிறது?

அதில் 'ஹீமோகுளோபின்' என்ற பொருள் இருக்கிறது. நாம் இழுக்கும் மூச்சில் உள்ள பிராணவாயுவை உடம்பு முழுவதும் சுமந்து செல்வது அதுதான்.

அந்தப் பொருளின் உருவம் எப்படிப்பட்டது? இதைத் தெரிந்துகொள்ள ஒருவர் 22 ஆண்டுகள் பாடுபட்டார். அவர் பெயர் மாக்ஸ் பெரூட்ஸ். ஆஸ்திரியா நாட்டுக்காரர். இங்கிலாந்தில் உள்ள கேம்பிரிட்ஜ் நகருக்குப் படிக்க வந்தவர். 1937-ல் வேலையைத் தொடங்கினார். 1959-ல்தான் விடை கிடைத்தது!

நடுவில் உலகப் போர் வந்தது. 'எதிரி நாட்டான்' என்று 1940-ல் அவரைப் பிடித்தார்கள். கனடாவுக்குக் கொண்டுபோய்க் காவலில் வைத்தார்கள். பிறகு விடுதலையாகி வந்து, மறுபடியும் அதே வேலையில் இறங்கினார்.

இத்தனை காலமும் அவருக்குச் சோறு போட்டது யார்?

முதலில் அமெரிக்காவின் ராக்பெல்லர் அறநிலையம் உதவியது. 1947-ல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் அவரை ஏற்றுக்கொண்டது. இது அரசாங்கப் பணத்தில் நடப்பது. முதலில் பெரூட்ஸ், கெண்ட்ரூ என்று இரண்டே விஞ்ஞானிகள். பிறகு கிரிக், வாட்சன் ஆகியோரும் வந்து சேர்ந்தார்கள். 1962-ல் இந்த நால்வருக்கும் ஒரே ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஆண்டுதான் 'மூலக்கூறு உயிரியல் ஆராய்ச்சிக்கூடம்' என்ற பெயரில் புதுக் கட்டடம் திறந்தார்கள்.

அங்கே ஒரு சிற்றுண்டிச்சாலையும் உண்டு. பெரூட்சின் மனைவி கிசெலாதான் அதைப் பல ஆண்டுகள் நடத்தினார். பெரிய விஞ்ஞானியும் நேற்று வந்த பையனும் ஒரே மேஜையில் தேநீர் குடிக்க வேண்டும் என்பது பெரூட்சின் எண்ணம். இதற்கு ஆகும் செலவு மிகக் கொஞ்சம்!

கை நழுவிய லாபம்

1975-ல் அங்கே இன்னொரு கண்டுபிடிப்பு. நோய்க் கிருமியை எதிர்க்க நம் உடம்பு சில பொருள்களைச் செய்கிறது. அவற்றில் ஒரே வகையை ஆய்வுக்கூடத்தில் வேண்டிய மட்டும் செய்யலாம் என்று மில்ஸ்டீனும் கோலரும் காட்டினார்கள். இன்று புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் தரும் பல மருந்துகள் இதிலிருந்து வந்தவை.

ஆனால் அதற்கு 'பேடன்ட்' வாங்கவில்லை! லாபம் கை நழுவியது. கிரெக் விண்டர் என்பவர் பின்னால் கண்டுபிடித்த முறைகளுக்கு பேடன்ட் வாங்கினார்கள். அந்த வருமானமும் சேர்ந்துதான் 2013-ல் ஆராய்ச்சிக்கூடத்துக்கு மேலும் ஒரு புதிய கட்டடம் எழுந்தது.

சிதம்பரத்தில் பிறந்தவர்

வெங்கி ராமகிருஷ்ணனை வாசகர்கள் அறிவார்கள். சிதம்பரத்தில் பிறந்தவர். அமெரிக்காவில் நல்ல வேலையில் இருந்தார். 1999-ல் அதை விட்டு கேம்பிரிட்ஜ் போனார். அங்கே சம்பளம் குறைவு! பிறகு ஏன் போனார்?

அவர் எடுத்துக்கொண்டது கஷ்டமான வேலை. உயிரணுவுக்குள் புரதம் தயாரிக்கும் 'ரைபோசோம்' என்ற எந்திரத்தின் உருவத்தைக் காண வேண்டும். தோற்றுப் போகவும் கூடும். கேம்பிரிட்ஜில் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறைதான் கணக்குப் பார்க்கிறார்கள். அதுவரை நிம்மதியாக வேலை செய்யலாம். 2009-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நம் நாட்டில் எப்படி?

2020-21-ல் இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவிட்டது, நாட்டின் மொத்த உற்பத்தியில் 100 ரூபாய்க்கு 64 காசுதான். ஆராய்ச்சி மாணவர்கள் கிளர்ச்சி செய்த பிறகு, அவர்களின் மாத உதவித்தொகையை 31,000 ரூபாயிலிருந்து 37,000 ரூபாயாக உயர்த்தினார்கள். இது 2023 ஜனவரி முதல் அமலுக்கு வந்தது. நல்ல காரியந்தான்.

ஆனால் அந்தப் பணம் மாதாமாதம் கைக்கு வர வேண்டுமே! மத்திய அரசாங்கத்தின் சில திட்டங்களில் பல மாதங்களாகப் பணம் வரவில்லை என்று 2024-லும் 2025-லும் மாணவர்கள் முறையிட்டார்கள். வீட்டு வாடகையோ மாதம் பிறந்ததும் கொடுத்தாக வேண்டும்.