அச்சுப் பிசகிய தாளுக்கு விலை உண்டா?

"உங்களிடம் அச்சுப் பிசகிய நாணயத்தாள் இருக்கிறதா? நீங்கள்தான் இலட்சாதிபதி!" என்று கைத்தொலைபேசியில் உலாவும் காணொளிகளைப் பார்க்காதவர்கள் இன்று குறைவு. வீட்டிலிருக்கும் பெண்களும் ஓய்வுபெற்ற பெரியவர்களும் பணப்பையைக் கொட்டி, ஒவ்வொரு தாளாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார்கள். பார்ப்பதில் குற்றமில்லை. பார்க்கத் தெரியாமல் பார்த்து, ஆசைப்பட்டு, கையில் இருப்பதையும் இழந்து நிற்பதுதான் கவலைக்குரியது. சிறு வயது முதலே எனக்குப் பழங்காசு சேர்க்கும் பழக்கம் உண்டு. அரபுக் கல்லூரியில் ஓதிய காலத்திலும் அதை விடவில்லை. அதனால் இக்கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. இம்மாதம் அதற்கே பதில் எழுதுகிறேன்.

உடுவிலில் நான் தங்கியிருக்கும் ஒழுங்கையில் தனியே வாழும் ஓர் அக்கா, ஓர் ஆயிரம் ரூபாய்த் தாளைச் சுவாமிப் படத்துக்குப் பின்னால் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்.

"மௌலவி, இதை ஒருக்காப் பாருங்கோ. மருதனார்மடச் சந்தையில மிச்சக் காசா வந்தது. மூண்டு லட்சம் தாறன் எண்டு ஒருத்தர் போனில சொல்லுறார்."

"தருவதற்கு முன்னால் உங்களிடம் ஏதும் கேட்டாரா அக்கா?"

"பதிவுக் காசு 12,500. வங்கிக் கணக்கு நம்பரும் அனுப்பிப்போட்டார். காப்பை அடைவு வைச்சுக் கட்டுவமோ எண்டு யோசிக்கிறன்."

என் பையிலிருந்த வேறோர் ஆயிரம் ரூபாய்த் தாளை எடுத்து இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தோம். அவருடைய தாளில் இடப்பக்க வெள்ளை விளிம்பு சற்று அகன்றும் வலப்பக்கம் ஒடுங்கியும் இருந்தது. அவ்வளவுதான். அந்தத் தாளின் பெறுமதி ஆயிரம் ரூபாய் என்று சொன்னேன். அவருக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் காப்பு கையிலேயே இருக்கிறது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை விளங்க, நாணயத்தாள் உருவாகும் முறையைச் சிறிது அறிய வேண்டும். தாள்கள் ஒவ்வொன்றாக அச்சிடப்படுவதில்லை. ஒரு பெரிய தாளில் பல நோட்டுகள் வரிசை வரிசையாக அச்சாகின்றன. முதலில் பின்னணி நிறங்கள். அடுத்து விரலால் தடவினால் தட்டுப்படும் மேடான மை அச்சு. அதன்பின் தொடர் இலக்கங்கள். கடைசியில் வெட்டும் இயந்திரம். ஒவ்வொரு கட்டத்திலும் மயிரிழை அளவு விலகல் இருக்கவே செய்யும். அச்சகத்தார் அதற்கென ஓர் எல்லை வைத்து, அதற்குள் அடங்குவதை வெளியே விடுகிறார்கள். ஆகவே விளிம்பு ஒன்றிரண்டு மில்லிமீற்றர் கூடிக் குறைவது பிழையே அல்ல. சேகரிப்போர் அதற்கு ஒரு ரூபாயும் கூடுதலாகத் தரமாட்டார்கள்.

விலை எங்கே தொடங்குகிறது? எல்லா அச்சும் ஒன்றாகச் சேர்ந்தே நகர்ந்திருந்தால் அது வெட்டில் வந்த பிசகு. அப்படியானால், பக்கத்து நோட்டின் ஒரு பகுதி நம் நோட்டின் ஓரத்தில் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் மதிப்புண்டு, அதிகமாகத் தெரிந்தால் அதிக மதிப்பு. படம் சரியாக இருந்து ஒரு நிறம் மட்டும், அல்லது இலக்கம் மட்டும் விலகியிருந்தால் அது அச்சில் வந்த பிசகு. வெறுங்கண்ணுக்கு உடனே தெரியுமளவு விலகல் இருந்தால்தான் அதை ஒருவர் விரும்பி வாங்குவார். பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டிய பிழையை அநேகமாக எவரும் வாங்குவதில்லை. ஒரு பக்கம் முழுவதும் அச்சின்றி வந்தவை, ஒரே நோட்டில் இரு வேறு இலக்கங்கள் கொண்டவை, அச்சகத்திலேயே மடிந்து வெட்டுப்பட்டதால் மூலையில் உபரித்தாள் நீட்டிக்கொண்டிருப்பவை ஆகியன இவற்றிலும் மேலான தரத்தவை.

பிழை அச்சகத்திலேயே நேர்ந்தது என்பதற்குத் தாளே சாட்சி சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டுத் தொடரைச் சேர்ந்த ஒரு 20 டொலர்த் தாளில், டெல் மொன்டே வாழைப்பழத்தில் ஒட்டும் சிறு ஒட்டுச்சீட்டு ஒன்று ஒட்டியிருக்கிறது. வெறும் ஒட்டுச்சீட்டுத்தானே, யாரும் ஒட்டலாமே என்று தோன்றும். ஆனால் கருவூல முத்திரையும் தொடர் இலக்கமும் அந்தச் சீட்டின் மேலேயே அச்சாகியிருக்கின்றன. அதாவது, படம் அச்சான பின்னும் இலக்கம் அச்சாகும் முன்னும் அது தாளில் விழுந்திருக்கிறது. வெளியில் எவராலும் செய்ய முடியாத காரியம் இது. அதனால் 2006இல் 25,300 டொலருக்குப் போன அந்தத் தாள், 2021 ஜனவரியில் ஹெரிடேஜ் ஏலத்தில் 396,000 டொலருக்கு விலைபோனது. காணொளிக்காரர்கள் காட்டுவது இத்தகைய ஒன்றை. நம் கையில் இருப்பது வேறொன்று.

வெளியில் செய்யக்கூடிய பிழைகளோ ஏராளம். இரசாயனத்தால் இலக்கத்தை அழித்து, "இலக்கமில்லாத தாள்" என்பார்கள். ஓரத்தைக் கத்தரித்து, "வெட்டுப் பிசகு" என்பார்கள். இரண்டாவதைப் பிடிப்பது எளிது. 2011இல் வெளிவந்த தொடரின் ஆயிரம் ரூபாய்த் தாள் 148 மில்லிமீற்றர் நீளமும் 67 மில்லிமீற்றர் அகலமும் கொண்டது. உண்மையான வெட்டுப் பிசகில் ஒரு பக்கம் குறைந்தால் மறுபக்கம் கூடி, அளவு பெரும்பாலும் சரியாகவே நிற்கும். கத்தரித்த தாளில் அளவு குறைந்துபோகும். வேண்டுமென்றே தாளைச் சிதைப்பது நாட்டின் சட்டப்படி குற்றமுமாகும். அவ்வாறு சிதைத்த தாள்களை மாற்றிக்கொள்ள மத்திய வங்கி கொடுத்த அவகாசம் 2018 மார்ச்சுடன் முடிந்துவிட்டது. எனவே கத்தரித்தவருக்கு அந்த ஆயிரமும் போய்விடும்.

பிழையைப் போலத் தோன்றிப் பிழையல்லாதவையும் உண்டு. யுத்த காலத்தில், 1942இல், சில்லறைத் தட்டுப்பாட்டினால் இலங்கையில் ஒரு 5 சதத் தாள் வெளியிடப்பட்டது. தபால் முத்திரை போல நடுவில் துளையிட்டு, கிழித்தால் ஒரு பாதி 2 சதமாகவும் மறுபாதி 3 சதமாகவும் செல்லும்படி அமைத்தார்கள். கிழிபடாமல் முழுதாக இருப்பதையே சேகரிப்போர் தேடுகிறார்கள். இந்திய நோட்டில் இலக்கத்தோடு நட்சத்திரக் குறி இருந்தால் அது அச்சகத்தில் பழுதான நோட்டுக்குப் பதிலாக வைக்கப்பட்டது. அது செல்லுபடியான நோட்டே என்று அந்நாட்டு ரிசர்வ் வங்கி 2023இல் விளக்கம் கொடுத்தது. இன்னொன்று 786. இலக்கத்தின் முடிவில் 786 வந்தால் பறக்கத் என்று கூடுதல் விலை சொல்கிறார்கள், அதை வாங்க நம்மவர்களே முந்துகிறார்கள். எழுத்துகளை எண்ணாக்கிக் கூட்டிய கணக்குக்கு மார்க்கத்தில் எந்த மதிப்பும் இல்லை. அது வெறும் தொடர் இலக்கம்.

அரிதாக இருப்பதும் முக்கியம். 2016 நவம்பரில் இந்தியாவில் பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதவையாக்கப்பட்டு, புதிய 500 அவசர அவசரமாக அச்சானது. காந்தியின் முகத்துக்கு இரட்டை நிழல், விளிம்பு அளவில் வித்தியாசம் என்று குறைகள் வெளிவந்தன. அவசரத்தில் குறையுள்ளவை கலந்திருக்கலாம், அவற்றைத் தாராளமாகச் செலவழிக்கலாம் அல்லது திருப்பிக் கொடுக்கலாம் என்றது ரிசர்வ் வங்கி. ஒரே குறை பலர் கையிலும் இருந்தால் யார் யாரிடம் வாங்குவது? அதே வங்கியின் பெயரைச் சொல்லியே பழைய நோட்டுகளுக்கு வரி, தரகு என்று பணம் பறித்த கூட்டத்தைப் பற்றி 2021 ஆகஸ்டில் அது எச்சரிக்கையும் விடுத்தது. உண்மையில் வாங்குகிறவர் பணம் தருவார், கேட்கமாட்டார்.

சரி, மெய்யாகவே விலையுள்ள பிசகுத் தாள் ஒன்று கிடைத்துவிட்டது. அதை ஐம்பதாயிரத்துக்கு விற்கலாமா? இங்கே நம் சட்டம் குறுக்கிடுகிறது. தங்கத்துக்குத் தங்கம் போல, ஒரே இனப் பணத்தைப் பணத்துக்கு மாற்றும்போது சமமாகவும் கைக்குக் கையாகவும் இருக்க வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்களின் கட்டளை. காகிதப் பணமும் தன்னளவில் பணமே, வட்டிச் சட்டமும் ஸகாத்தும் அதற்கு உண்டு என்று 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய சட்டக்கலை மன்றம் தீர்மானித்தது. ஆகவே இன்றும் கடையில் செல்லும் ஆயிரம் ரூபாய்த் தாளை, அதே இலங்கை ரூபாயில் ஐம்பதாயிரத்துக்கு விற்பது கூடாதென்பதே என் கருத்து. அரிய பொருளாகவே அது விற்கப்படுகிறது என்று இலேசாக்கிச் சொல்வோரும் உளர். பேணுதலானது முதலாவது.

செல்லுபடி நீங்கிய தாளில் இந்தச் சிக்கல் இல்லை. 1970இல் நிதியமைச்சர் என். எம். பெரேரா செல்லாதவையாக்கிய 50, 100 ரூபாய்த் தாள்கள் இன்று பணமல்ல, வெறும் பண்டம். அவற்றை என்ன விலைக்கும் விற்கலாம். செல்லுபடியான பிசகுத் தாளுக்கும் வழி இருக்கிறது. அதைக் கொடுத்துத் தையல் இயந்திரமோ அரிசி மூட்டையோ வாங்கினால் அது சாதாரண வியாபாரம். கனடாவிலிருந்து வரும் சேகரிப்பாளர் டொலர் தந்தால், இனம் வேறாவதால் பேசிய விலைக்குக் கொடுக்கலாம். ஆனால் ஒரே அமர்வில் கைமாற வேண்டும்; தாளை இன்று அனுப்பி டொலரை அடுத்த மாதம் பெறுவது ஆகாது.

அதுவரை தாளை இஸ்திரி போடாதீர்கள், பிளாஸ்டிக்கில் உருக்கி ஒட்டாதீர்கள், கிழிந்த இடத்தில் செலோடேப் வைக்காதீர்கள். மடிக்காமல் ஒரு தடித்த புத்தகத்துக்குள் வைத்து, ஒருவரோடு நிறுத்தாமல் சேகரிப்பாளர் இருவரிடமேனும் காட்டி விலை கேளுங்கள்.