பர்கூர் மலையில் மாடு மேய்ப்பது குற்றமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

அந்தியூர்க் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவின் மாட்டுச் சந்தையைப் பல்லாண்டுகளாகப் பார்த்து வருகிற எனக்கு, பர்கூர் மலையிலிருந்து இறங்கிவந்த சோளகர் பழங்குடிப் பெரியவர் ஒருவர், சிவப்பில் வெள்ளைத் திட்டு விழுந்த செம்மறைக் கிடாரிகள் நான்கினைத் தரகர் துண்டுக்குள் விரலைப் பிடித்துச் சொன்ன முதல் விலைக்கே மறுபேச்சின்றிக் கொடுத்துவிட்டதை இவ்வாண்டுதான் காண நேர்ந்தது. விலை பேசுவதில் மலைக்காரர்கள் சமவெளி வியாபாரிக்குச் சளைத்தவர்கள் அல்லர். ஆகையால் காரணம் கேட்டேன். “காட்டுக்குள்ள பட்டி போடக் கூடாதுங்களாம் சாமி. பட்டியில்லாம இதுகளை ஊட்டு வாசல்ல கட்டி என்னத்தைப் போடறது?” என்றார். வேண்டுமானால் அனுமதி கோரி மனு எழுதிக் கொடு, மேலிடத்துக்கு அனுப்புகிறோம் என்று, வந்த வனத்துறைச் சிப்பந்தி மிக்க தயாளத்தோடு சொல்லிப் போனாராம். பாட்டன் மாடு அடைத்த இடத்தில் பேரன் மாடு அடைப்பதற்கு மனு! வீரப்பனைத் தேடிய அதிரடிப்படைக் காலத்தில் காக்கிச் சட்டையிடம் பட்டதை மறவாத தலைமுறை ஆகையால் பெரியவர் எதிர்வாதம் செய்யவில்லை, மாட்டை விற்றுவிட்டார்.

பர்கூர் மலையையும் உள்ளடக்கிய எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஹெக்டேர் காட்டைத் தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயமாக 2024 ஜனவரியில் பிரகடனம் செய்த விவரம் தாங்கள் அறிந்ததே. சரணாலயங்களிலும் தேசியப் பூங்காக்களிலும் புலிகள் காப்பகங்களிலும் கால்நடை மேய்ச்சல் கூடாதென்று 2022 மார்ச்சிலேயே சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருக்க, ஒரு காட்டுக்குச் சரணாலயம் என்று நாமகரணம் செய்த மாத்திரத்தில் அதில் மேய்கிற மாடுகள் யாவும் அத்துமீறிப் புகுந்தவை ஆகிவிடும் என்பது, கோப்பில் கையொப்பமிட்டவர்களுக்குத் தெரியாத சூட்சுமம் அன்று. தெரிந்தும், மலைக்கிராமங்களின் கிராமசபைகளைக் கூட்டி ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதே அம்மக்களின் முறையீடு. யாரையும் கேளாமல் மேலிருந்து விதிக்கப்படும் கட்டளைகளை ஆயுள் முழுவதும் எதிர்த்த ஒரு மனிதரின் பெயரை இந்தக் காரியத்துக்குத் தேடிப் பிடித்தவர் யாரோ, அவருடைய ஹாஸ்ய உணர்ச்சியை மெச்சத்தான் வேண்டும்.

இது காப்புக்காடு, இதில் யாருக்கு என்ன பாத்தியதை என்பது வெள்ளையர் காலத்திலேயே தீர்ந்துபோன சங்கதி, ஆகவே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி மறு விசாரணை அவசியமில்லை என்று சட்டம் கற்றவர்கள் சொல்கிறார்கள். 1882-ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம் கண்ட நியாயமே இன்றைக்கும் போதுமென்றால், பின் நாடாளுமன்றம் எதற்கு? காடுகளை அரசுடைமையாக்கிய நாட்களில் வனவாசிகளின் உரிமைகள் முறையாக அங்கீகரிக்கப்படவில்லை, அது சரித்திரம் இழைத்த அநீதி என்று 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் முகவுரை ஒப்புக்கொள்கிறதே. அச்சட்டம் மேய்ச்சலைச் சமூக உரிமைகளுள் ஒன்றாக எழுதிவைத்து, சரணாலயமும் தேசியப் பூங்காவும் வன நிலத்தில் அடங்குமென்று ஐயத்துக்கு இடமின்றிக் கூறி, உரிமைகளைத் தீர்மானிக்கும் நடவடிக்கையைத் தொடங்கும் அதிகாரத்தை ரேஞ்சரிடம் அன்று, கிராமசபையிடம் அல்லவா ஒப்படைத்திருக்கிறது? கர்நாடகத்துப் பிலிகிரிரங்கன் மலையில், புலிகள் காப்பகத்தின் உள்ளேயே, இதே சோளகர்களுக்கு 2011-இல் சமூக வன உரிமை வழங்கியிருக்கிறார்கள். அதனால் அங்கே ஆகாசம் இடிந்து விழுந்துவிடவில்லை.

மாட்டால் காட்டெருமைக்கு நோய் தொற்றும் என்று ஓர் ஆக்ஷேபணை. தடுப்பூசி என்று ஒன்று இருக்கிறது. அதைப் போடுவதற்குச் சம்பளம் வாங்கும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். மேய்ச்சலால் காடு அழிகிறது என்று இன்னொன்று. புல்முளைக்கும் இடத்தையெல்லாம் புதர்மண்டச் செய்து மானுக்கும் யானைக்கும் தீனி இல்லாமல் அடிக்கிற உண்ணிச்செடியை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தது துரைமார்களின் பூந்தோட்ட மோகமேயன்றிச் சோளகனின் மாடு அன்று.

எல்லாவற்றிலும் விசித்திரம், பர்கூர் மாடு அருகிவரும் அரிய நாட்டினம் என்று சொல்லி, அதைப் பேணுவதற்கென்றே அதே மலையில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் நடந்து வருவதுதான். பகலெல்லாம் காட்டில் மேய்ந்து, இரவில் காட்டுப் பட்டியிலேயே அடைந்து, பாலுக்கு என்பதைவிட எருவுக்கென்றே வளர்க்கப்பட்டு வந்த இனம் இது. அந்த எருவைத்தான் கீழே எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர்கள் வண்டி பேசி வாங்கிவருவார்கள். மேய்ச்சலை நிறுத்திவிட்டு இந்த இனத்தைக் காப்பது எங்ஙனம் என்பதை ஆராய்ச்சியாளர்கள் வனத்துறையாருக்கு எடுத்துச் சொல்லியிருக்கலாம். இரண்டு இலாகாக்களுக்கும் கடிதப் போக்குவரத்து கிடையாது போலும்.

பழங்குடியினரின் உரிமைகளுக்குப் பங்கம் வராது என்று இப்போதும் வாய்மொழியாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவ்வாறாயின் அதை எழுத்தில் தரட்டும். மலைக்கிராமங்கள் ஒவ்வொன்றிலும் கிராமசபை கூடிச் சமூக உரிமைகளைத் தீர்மானித்து முடியும் வரையில் ஒரு பட்டியின் முள்வேலியையும் தொடலாகாது என்று கீழ்மட்டச் சிப்பந்தி வரை உத்தரவு போகட்டும். உயர் நீதிமன்றத்தின் தடையே குறுக்கே நிற்கிறதென்றால், மேற்படி 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அதே நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய கடமை அரசாங்கத்துடையது. கையெழுத்துப் போடத் தெரியாத கிழவருடையது அன்று.

அக்டோபர் மாதம் பிறந்தால் வனவிலங்கு வாரம் வரும். பள்ளிக்கூடங்களில் காட்டைப் பற்றிக் கட்டுரைப் போட்டி வைப்பார்கள். உத்தியோகத்தில் இருந்தபோது நானும் பரிசுக் கட்டுரைகளைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவன். இவ்வாண்டு என்னை அழைத்தால் வருவதற்கில்லை என்பதைச் சம்பந்தப்பட்டவர்களுக்கு இக்கடிதத்தின் மூலமாகவே தெரிவித்துக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்,
அந்தியூர்