மீன் செத்தது திருஷ்டியால் அல்ல

என் மகளின் பிறந்தநாளுக்கு அவள் தாய்மாமன், லாங் பஜாரில் மளிகை வாங்கப் போன கையோடு, உருண்டையான ஒரு கண்ணாடிக் குடுவையும் மூன்று கோல்டு ஃபிஷ்ஷும் வாங்கி வந்தான். வீடே அதைச் சுற்றி உட்கார்ந்தது. பத்தே நாளில் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்து மிதந்தன. "விடும்மா, இந்த வீட்டுக்கு வந்த திருஷ்டியை அதுங்க வாங்கிக்கிச்சு" என்றார் என் மாமியார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். ஆனால் என் மகள் ராத்திரி என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, "அப்போ என் பிறந்தநாளாலதான் மீன் செத்துச்சாம்மா?" என்று கேட்டாளே, அன்றைக்குத் தூக்கம் போனது எனக்கு.

சகோதரிகளே, நம்மில் பலர் வீட்டில் இந்தப் பேச்சு உண்டு. மீன் வைத்தால் வாஸ்துவுக்கு நல்லது, செத்தால் நமக்கு வந்த கெடுதல் அதோடு போச்சு என்று சொல்லி, அடுத்த நாளே புது மீன் வாங்கி விடுகிறோம். எப்படிச் செத்தது என்று யாரும் கேட்பதில்லை. நான் கேட்டேன், விசாரித்தேன், படித்தேன். தெரிந்தது இதுதான்: என் மீன்களைக் கொன்றது ஊர்க்கண் இல்லை, நான்தான். அதுவும் அதிகமாகச் சுத்தம் செய்தே கொன்றிருக்கிறேன்!

மீன் தன் கழிவைச் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. கண்ணுக்குத் தெரியாது, தண்ணீர் பளிச்சென்றுதான் இருக்கும். ஆனால் மீனுக்கு அது விஷம். தொட்டியின் கூழாங்கல்லிலும் வடிகட்டியின் பஞ்சிலும் வளரும் நல்ல பாக்டீரியாக்கள்தான் அந்த விஷத்தை மாற்றிக் கரைசேர்க்கின்றன. புதுத் தொட்டியில் அவை பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் வரை ஆகும். நான் என்ன செய்தேன்? இரண்டு நாளைக்கு ஒரு தடவை குடுவையைக் கவிழ்த்து, கல்லையெல்லாம் பாத்திரம் தேய்க்கிற மாதிரி தேய்த்துக் கழுவி, குழாய்த் தண்ணீரை அப்படியே பிடித்து ஊற்றினேன். வளர வேண்டியதைத் தேய்த்து விட்டேன், குழாய்த் தண்ணீரின் குளோரினை நேராக மீன் மேல் கொட்டினேன். சமையல்கட்டில் பாராட்டு வாங்கித் தரும் குணம் மீன் தொட்டியில் எமனாகி விட்டது.

கோல்டு ஃபிஷ்ஷும் குடுவைக்கு உரியது அல்ல. அது சீனாவிலிருந்து வந்த கெண்டை இனம். ஒழுங்காக வளர்த்தால் பத்து வருடத்துக்கு மேல் இருக்கும், அரை அடிக்கு மேல் வளரும், அசுத்தமும் அதிகம் செய்யும். குளிர்ந்த தண்ணீர் பிடிக்கும் அதற்கு. நம் வேலூர் வெயிலில் 40 டிகிரி தாண்டும்போது குடுவைத் தண்ணீர் எப்படிச் சுடும் என்று சொல்லவா வேண்டும்! சூடு ஏறினால் தண்ணீரில் காற்று குறையும், அம்மோனியாவின் விஷமும் கூடும். "சின்ன மீன்தானே" என்று கடைக்காரர் கொடுப்பது வெறும் குஞ்சு என்பதை நாம் மறந்து விடுகிறோம்.

எந்த மீன் வாங்குவது என்பதை நம் தண்ணீரைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பது என் கட்சி. நம் பக்கத்துத் தண்ணீர்க் கதை எல்லோருக்கும் தெரிந்ததே. தோல் பதனிடும் கழிவு பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்ததாக வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்புச் சொன்னது. இன்றும் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் எத்தனையோ கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. தோல் கழிவு கலந்ததாகச் சந்தேகம் இருக்கும் தண்ணீரை மீனுக்கு ஊற்றவே கூடாது. வெறும் கடினத் தண்ணீர் என்றால் பயமில்லை. கப்பி, மோலி, பிளாட்டி மூன்றும் அதில் சுகமாக இருக்கும். மோலி லேசான உப்பையும் தாங்கும். சிலர் "நல்ல தண்ணியா ஊத்தறேன்" என்று ஆர்.ஓ. தண்ணீரையே ஊற்றுகிறார்கள். தாது உப்பெல்லாம் போன தண்ணீர் அது, தனியாக ஊற்றினால் மீனுக்கு ஆகாது. குழாய்த் தண்ணீரை வாயகன்ற பக்கெட்டில் ஒரு நாள் திறந்து வைத்து ஊற்றலாம், அல்லது கடையில் விற்கும் குளோரின் முறிக்கும் சொட்டு மருந்தை விடலாம்.

கப்பியில் ஒரு விஷயம் மட்டும் கவனம். மாதம் ஒரு தடவை குட்டி போடும். குடும்பம் பெருக வேண்டாம் என்றால் ஆண் மீன்களாகவே வாங்கி விடுங்கள். அழகும் நிறமும் ஆணுக்குத்தான்! ஃபைட்டர் பிடித்தால் ஒன்றே ஒன்று போதும், இரண்டு ஆண் சேர்ந்தால் கிழித்துக்கொள்ளும். அது தண்ணீருக்கு மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும் சாதி, நம் பாட்டிமார் சொல்லும் பனையேறிக் கெண்டைக்கு உறவு. அதற்காக அதை ஊறுகாய் பாட்டிலில் அடைப்பது பாவம். ஏஞ்சல் உயரமான தொட்டி கேட்கும், நமக்கு வேண்டாம். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லித் தலையில் கட்டும் டேங்க் கிளீனர் ஒரு அடிக்கு மேல் வளரும். வளர்ந்த பிறகு கோட்டை அகழியிலோ ஏரியிலோ கொண்டு போய் விட்டு விடாதீர்கள். தமிழ்நாட்டு நீர்நிலைகள் பலவற்றில் அது பெருகி நம் நாட்டு மீன்களுக்கு இடைஞ்சலாகி விட்டது.

இரண்டடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரத் தொட்டியில் சுமார் ஐம்பது லிட்டர் பிடிக்கும். ஆறு கப்பிக்குத் தாராளம். தண்ணீரோடு அரை மூட்டை அரிசிக்கு மேல் எடை வரும் என்பதால் டி.வி. ஸ்டாண்டில் வைக்காதீர்கள், ஜன்னல் வெயிலும் படக் கூடாது. சின்ன மோட்டாரோடு ஒரு பஞ்சு வடிகட்டி அவசியம். புதுத் தொட்டிக்கு ஒரு குறுக்குவழி உண்டு. தெரிந்தவர் வீட்டு ஆரோக்கியமான பழைய தொட்டியிலிருந்து அழுக்குப் பஞ்சு ஒரு துண்டு வாங்கிப் போடுங்கள். பாலுக்கு உறை ஊற்றுவது மாதிரிதான். முதலில் இரண்டு மீன், சில வாரம் கழித்து மற்றவை. வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீரை மட்டும் மாற்றி, எடுத்த அந்தத் தண்ணீரிலேயே பஞ்சை லேசாக அலசினால் போதும். சோப்பு கிட்டேயே போகக் கூடாது. தீனி இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவுதான். வீட்டுக்கு வரும் உறவினர் ஒவ்வொருவரும் ஆளுக்கொரு சிட்டிகை போடுவதைத் தடுக்க நான் டப்பாவைப் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன். கஞ்சத்தனம் என்கிறார்கள், சொல்லட்டும்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: கரப்பானுக்கும் கொசுவுக்கும் அடிக்கிற ஸ்பிரேயில் இருக்கும் மருந்து மீனுக்குக் கொடிய நஞ்சு. அந்த அறையில் அடிக்கவே வேண்டாம். கரண்டு போய் வடிகட்டி நின்றால், ஒரு டம்ளரால் தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுங்கள். பிள்ளைகள் இந்த வேலையைப் போட்டி போட்டுச் செய்வார்கள்.

பிறந்தநாள் பரிசாக உயிரை வாங்கிக் கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதைப் பார்த்துக்கொள்ளப் போகிறவள் அந்த வீட்டுப் பெண்தான். வாங்கும் முன் அவளை ஒரு வார்த்தை கேட்டு விடுங்கள்.

என் மகளிடம் நடந்ததைச் சொல்லி, "தப்பு அம்மா மேலதான், உன் பிறந்தநாள் மேல இல்ல" என்று மன்னிப்புக் கேட்டேன். இப்போது எங்கள் வீட்டில் ஆறு கப்பி, ஒரு வருடம் ஆகப் போகிறது. மாமியார் காலையில் காப்பி டம்ளரோடு முதலில் போய் நிற்பது தொட்டி முன்னால்தான், "ஆறும் இருக்கா" என்று எண்ணிப் பார்த்து விட்டுத்தான் குடிப்பார். அந்த உருண்டைக் குடுவையில் நான் காய்ந்த மிளகாய் போட்டு வைத்திருக்கிறேன்.

– ஒரு வாசகி, லாங் பஜார், வேலூர்.