'ஆபு', 'நிறுத்து': ஒலியொப்புமை வேர்ச்சொல்லாய்வு ஆகுமா?

சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் பேருந்தை நிறுத்தச் சொல்லும் தெலுங்கர் 'ஆபு' என்பர். தமிழர் 'நிறுத்து' என்பர். 'ஆபு' என்னும் பிறவினைக்குத் தெலுங்கில் தன்வினை 'ஆகு'. இதனைத் தமிழ் 'ஆகு' என்பதன் திரிபெனக் கொள்வது பிழையாகும். தமிழ் 'ஆகு' உண்டாதற் பொருளது. அதற்கு இனமான தெலுங்குச் சொற்கள் குறிலில் தொடங்கும் 'அகு', 'அவு' என்பனவே. நிற்றற் பொருளுடைய நெடில் 'ஆகு' வேறு சொல்.

உண்மையான உறவு 'நில்' என்னும் வேரில் உள்ளது. தமிழின் 'நிறுத்து', 'நிறுவு' ஆகியனவும் தெலுங்கின் 'நிலுசு', 'நிலுபு' ஆகியனவும் அவ்வேரின் கிளைகள். தமிழில் 'எழு – எழுப்பு' அமைவது போலவே தெலுங்கில் 'நிலுசு – நிலுபு' அமைகிறது.

தென்மொழிகளின் இனவுறவை எல்லிசு 1816இலும் கால்டுவெல் 1856இலும் எடுத்துக்காட்டினர். அதன் பின்னரும் தெலுங்கைத் தமிழின் சிதைவெனக் கற்பிப்பது, இருமொழியும் வழங்கும் எல்லைப்பகுதி மாணவர்க்கு இழைக்கும் தீங்காகும். தொல்காப்பியப் பாயிரம் வேங்கடத்தை வட எல்லையாகச் சுட்டுகிறது என்பது உண்மை. அது நிலவெல்லைக்குச் சான்றாகுமேயன்றிச் சொற்பிறப்புக்குச் சான்றாகாது.