சட்டம் தந்த உரிமையை விதை தரவில்லை

நாக்பூர் ஆரஞ்சு வரத்து தொடங்கிவிட்டால் மும்பை தாதர் சந்தையில் தமிழ்க் குடும்பங்களும் பையும் கையுமாக நிற்பது வழக்கம். அந்த ஆரஞ்சு மரத்தின் அடிப்பாகம் பெரும்பாலும் ஆரஞ்சு அல்ல; ஜம்பேரி என்னும் எலுமிச்சை இனம். அதன் மேல்தான் ஆரஞ்சை ஒட்டுக் கட்டுகிறார்கள். ஜம்பேரியின் ஒரே விதையிலிருந்து இரண்டு மூன்று நாற்றுகள் முளைப்பதுண்டு. அவற்றில் ஒன்று மகரந்தச் சேர்க்கையால் பிறந்ததாக இருக்கலாம். மற்றவை தாய் மரத்தின் திசுவிலிருந்தே உண்டானவை. தகப்பன் கிடையாது, தாயின் அச்சு அப்படியே. அதனால் தோட்டம் முழுவதும் ஒரே சீராக அமைகிறது.

பட்டாணிச் செடியில் பாரம்பரிய விதிகளைக் கண்டுபிடித்த மெண்டல், ஹைராசியம் என்ற செடியில் அவை பலிக்காதது கண்டு திகைத்தார். அதுவும் சேர்க்கையின்றி விதை தரும் செடி என்பது அவர் மறைந்த பிறகே தெரியவந்தது.

நெல்லுக்கு இந்தக் குணம் இல்லை. வீரிய ஒட்டு நெல் முதல் வருடம் நன்றாக விளையும். அதையே எடுத்து வைத்து விதைத்தால் மறு வருடம் ஒன்று நெட்டை, ஒன்று குட்டை என்று கலைந்துபோகும். ஆகவே வருடந்தோறும் கடை விதைதான். விதைப்பு நேரத்தில் பணம் கேட்டு ஊரிலிருந்து வரும் போனை அறியாத குமாஸ்தா மும்பையில் எத்தனை பேர்?

2001-ம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம், விளைச்சலிலிருந்து விதை எடுத்து வைக்கவும், விதைக்கவும், பரிமாறிக்கொள்ளவும், கம்பெனி முத்திரையில்லாமல் விற்கவும் விவசாயிக்கு உரிமை தருகிறது. நல்ல சட்டம்தான். ஆனால் வீரிய ஒட்டு விதை வாங்கியவனுக்கு அந்த உரிமையால் என்ன பயன்? எடுத்து வைத்த விதை ஏமாற்றிவிடுகிறதே!

இந்த முடிச்சை அவிழ்க்க வழி பிறந்திருக்கிறது. சாதாரணமாக முட்டை அணு உருவாகும்போது தாயின் குணங்கள் கலைத்துப் பாதியாக்கப்படுகின்றன. நெல்லில் மூன்று ஜீன்களை முடக்கினால் அது நடப்பதில்லை. முழுத் தொகுதியும் முட்டைக்குப் போகிறது. கரு வளர்ச்சியைத் தொடங்கிவைக்கும் ‘பேபி பூம்’ ஜீன் வழக்கமாக மகரந்தத்தின் வழியே வந்து வேலை செய்வது. அதை முட்டையிலேயே இயக்கிவிட்டால் சேர்க்கைக்குக் காத்திராமல் கரு உண்டாகிறது. 2019-ல் இப்படிக் கிடைத்த அச்சு விதை மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 2022-ல் பிரெஞ்சு, அமெரிக்க விஞ்ஞானிகள் வீரிய ஒட்டு நெல்லிலேயே 95 சதவீதத்தைத் தாண்டிவிட்டார்கள்.

வருடந்தோறும் விதை விற்றுப் பிழைப்பவர்கள் இதை ஆவலோடு வளர்ப்பார்கள் என்று எதிர்பார்ப்பது அப்பாவித்தனம். வளர்த்தாலும் காப்புரிமைப் பூட்டோடுதான் வரும். மக்கள் வரிப்பணத்தில் இயங்கும் நம் வேளாண் ஆராய்ச்சி நிலையங்களே இதைக் கையில் எடுக்க வேண்டும். அன்று விவசாயியின் விதை உரிமையைச் சுருக்கச் சட்டத்தில் கை வைக்க யாரேனும் முனைந்தால் எம்.பி.க்கள் இடம் கொடுக்கக் கூடாது.

ஒரே அச்சில் ஊரெல்லாம் நெல் நின்றால் ஒரு நோய் வந்து மொத்தமாக வாரிப்போகாதா என்ற கேள்வி நியாயமானது. அதையும் அந்த நிலையங்களே வயலில் சோதித்துச் சொல்லட்டும்.