மூன்றாம் வகுப்பில் ஒரு மூதாட்டி

ஓவியத்திற்குரிய பொருள் இளமையும் எழிலுமே என்பார் சிலர். திரைந்த முகமும் தளர்ந்த கையும் உடைய முதியோரைத் தாளிற் காணின், "அந்தோ, பாவம்!" என்று இரங்கி அப்பாற் செல்வார் வேறு சிலர். இவ்விரு சாராரும் பிழைபட்டனர் என்பதே என் கருத்து. பிரெஞ்சு நாட்டு ஓவியர் ஓனொரே தோமியே (1808–1879) தீட்டிய மூதாட்டி ஒருத்தியே இதற்குச் சான்றாவாள்.

1864-ஆம் ஆண்டில் மையும் கரியும் நீர்வண்ணமும் கொண்டு அவர் தாளில் வரைந்த 'மூன்றாம் வகுப்பு வண்டி' என்னும் ஓவியம், இன்று அமெரிக்க நாட்டுப் பால்ட்டிமோர் நகரில் வால்ட்டர்ஸ் கலைக்கூடத்தில் உள்ளது. மக்கள் நெருங்கிய புகைவண்டி, வெறும் பலகையிருக்கை. ஒருபுறம் குழவிக்குப் பாலூட்டும் இளந்தாய். மறுபுறம் உறங்கிவிட்ட சிறுவன். நடுவே முக்காடிட்ட மூதாட்டி, மடிமேல் வைத்த கூடையை இருகையாலும் பற்றி அமர்ந்திருக்கின்றாள்.

இதனை வரைந்த கை எத்தகையது? பிறரை எள்ளி நகைப்பதையே தொழிலாகக் கொண்ட கை அது. ஏறத்தாழ நாலாயிரம் கல்லச்சுப் படங்களை அது தந்தது. 1831-இல் லூயி பிலிப் மன்னரைக் குடிகளின் பொருளை விழுங்கும் பெருவயிற்றராக வரைந்தமையால், தோமியே சிறையும் புகுந்தார். வழக்கறிஞரும் அவர் நகைக்குத் தப்பிலர். 1844-இல் நூலெழுதும் மகளிரையும் அவர் எள்ளினார்; அது நாம் போற்றத்தக்கதன்று. ஆயினும், நகைப்பதற்கு எளிதாய்க் கிட்டிய இம்மூதாட்டியின் சுருக்கங்களில் ஒன்றையேனும் அவர் நகைப்பொருளாக்கினாரில்லை. நகைக்க வல்லான் நகையாது நிற்குமிடத்தன்றோ அவன் எதனை மதிக்கின்றான் என்பது புலனாகும்!

அவர் இரக்கமும் வேண்டினாரல்லர். மூதாட்டி கை நீட்டவில்லை, கண்ணீர் உகுக்கவில்லை. பயணச்சீட்டுப் பெற்றுத் தன் இடத்தில் தான் அமர்ந்து செல்கின்றாள். ஓவியர் நம்மையும் அவளுக்கு எதிர்ப்பலகையில், அவள் கண்ணுக்கு நேரே இருத்திவிட்டார். மேலிருந்து நோக்க நமக்கு இடமே இல்லை.

"வறியோர்மாட்டு இரங்குதல் அறமன்றோ?" என்று நண்பர் சிலர் வினவலாம். அறமே, ஐயமில்லை. ஆனால் இரக்கம் பெரும்பாலும் ஒருபடி மேல்நின்றே பிறக்கின்றது. காசொன்று ஈந்தவுடன் கடன் தீர்ந்தது என்று அது மனநிறைவு கொள்ளும். மதிப்போ அங்ஙனம் எளிதில் தீராது. எதிரே இருப்பவர்க்கும் நம்மைப்போல் நினைவும் கவலையும் செல்லுமிடமும் உண்டென்பதை அது மறக்கவிடாது.

இன்னுமொரு தடை எழலாம். இவ்வோவியத்தை வரைவித்தவர் வில்லியம் வால்ட்டர்ஸ் என்னும் அமெரிக்கச் செல்வர். முதல், இரண்டாம், மூன்றாம் வகுப்பு மூன்றையும் அவருக்கெனத் தோமியே வரைந்தளித்தார். செல்வர் மனைக்கு வறியோர் முகம் அணிகலனாயிற்றே எனின், அவ்வினா நேரியதே. ஆயினும் வாங்கியவர் பொருளால் அவள் நிமிர்வு குன்றவில்லை. மூன்றனுள்ளும் உலகம் மிகுதியும் நினைவிற் கொண்டது அவளிருந்த வண்டியையே.

கலையைக் கற்பதன் பயன் அழகிய பொருளை அறிதல் மட்டுமன்று. எவரையும் நேர்நின்று நோக்கப் பழகுதலுமாம். இரங்குதல் எளிது, நிகராக மதித்தலே அரிது. அவ்வரியதனையே இம்மூதாட்டி நம்பால் வேண்டுகின்றாள்.