சிப்பாய்க்குத் தலைமைப் பயிற்சி: கட்டாயம் யாருக்கு நல்லது?

விடியற்காலை ஐந்து மணிக்குப் பாடாலூர் நெடுஞ்சாலை ஓரம் வந்து நின்று பாருங்கள். திருச்சிக்கும் சென்னைக்கும் போகிற லாரிகளின் வெளிச்சத்தில் நம் காலனிப் பையன்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். ராணுவத்துக்கு ஆள் எடுக்கும்போது 1.6 கிலோமீட்டர் ஓட வேண்டும். அதற்காகத்தான் இந்த ஓட்டம். ஓடி முடித்ததும் சிலர் கல்லூரிப் பேருந்தைப் பிடிக்கிறார்கள், சிலர் சின்ன வெங்காயக் காட்டுக்கு வேலைக்குப் போகிறார்கள். மாலையில் நாங்கள் நடத்தும் படிப்பகத்தில் மறுபடி ஒன்றுகூடுகிறார்கள்.

அந்தப் படிப்பகத்தில் அண்மையில் ஒரு செய்தியை வாசித்தோம். அமெரிக்கத் தரைப்படையில் கீழ்நிலைச் சிப்பாய்கள் பதவி உயர்வு பெற வேண்டுமானால் இணையவழித் தலைமைப் பயிற்சியை முடித்தாக வேண்டும் என்று பல ஆண்டுகளாக விதி இருந்தது. 2024இல் அந்தக் கட்டாயத்தைக் கைவிட்டார்கள் என்பது செய்தி. வாசித்து முடித்ததும் ஒரு தம்பி கேட்டான்: "அண்ணே, சிப்பாய்க்கு எதுக்குத் தலைமைப் பயிற்சி? சொன்னதைச் செய்யறவன்தானே அவன்?"

கேட்டவன் தினமும் ஓடுகிறவன். படையில் சேரப்போகிறவனே தன்னைச் 'சொன்னதைச் செய்கிறவன்' என்று நினைத்துக்கொண்டுதான் போகிறான். இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அவனுடைய கேள்விதான்.

எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கடைநிலைச் சிப்பாய்க்குத் தலைமைப் பயிற்சி வேண்டும். அது கட்டாயமாகவும் இருக்க வேண்டும். ஆனால் ஒரு கைப்பேசியையும் கடவுச்சொல்லையும் கொடுத்துவிட்டு 'முடித்துவிட்டு வா' என்று சொல்வதைப் பயிற்சி என்று நாங்கள் ஏற்கவில்லை.

கட்டாயம் ஏன்? 'கட்டாயம்' என்றாலே நம் தோழர்கள் முகம் சுளிக்கிறார்கள். வெட்டி வேலை, கட்டாயப் பறையடிப்பு என்று அந்தச் சொல்லை நம் மக்கள் அனுபவித்த விதம் அப்படி. ஆனால் கல்வி, பயிற்சி விஷயத்தில் கதை வேறு. விருப்பம் இருப்பவர் படிக்கலாம் என்று விட்டால் யார் படிப்பார்கள்? ஏற்கெனவே படிக்கத் தெரிந்தவர், நேரம் இருப்பவர், மேலதிகாரியிடம் போய்க் கேட்கக் கூச்சப்படாதவர். நாங்கள் படித்த பள்ளியில் வகுப்புத் தலைவனை ஆசிரியர்தான் தேர்ந்தெடுப்பார். ஐந்து வருடமும் ஊர்த்தெருவிலிருந்துதான் தலைவன் வந்தான். கேட்டால் "அவனுக்குத்தான் பேசத் தெரியும்" என்பார்கள். பேசக் கற்றுக்கொடுக்காமலேயே பேசத் தெரிந்தவனைத் தேடினால் வேறு யார் கிடைப்பார்கள்? எல்லோருக்கும் கட்டாயம் என்று வைத்துவிட்டால் இந்தப் பொறுக்கி எடுக்கும் வேலைக்கே இடமில்லை. கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் வாய்ப்பு வந்தே தீரும்.

இது வெறும் ஊகம் இல்லை. நம் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. பிரிட்டிஷ் காலத்தில் படைவீரர்களும் அவர்களின் பிள்ளைகளும் கட்டாயம் படிக்க வேண்டும் என்ற விதி இருந்ததை அண்ணல் அம்பேத்கரே எழுதியிருக்கிறார். ஆண், பெண் இருபாலாருக்கும் அது பொருந்தியது. ஊர்ப் பள்ளிக்கூடத்தின் வாசலை மிதிக்க முடியாத மகர் குடும்பங்களுக்குப் படைமுகாம் பள்ளிக்கூடம் திறந்து கிடந்தது. அவருடைய தந்தை ராம்ஜி சக்பால் அப்படிப் படித்தவர். படைப்பள்ளி ஒன்றின் தலைமையாசிரியராகப் பல ஆண்டுகள் இருந்து சுபேதார் மேஜர் தகுதிவரை உயர்ந்தவர். மௌ படைமுகாமில் 1891 ஏப்ரல் 14 அன்று பிறந்த குழந்தைக்கு எழுத்தும் வாசிப்பும் வீட்டிலேயே இருந்ததற்கு அந்தக் கட்டாயக் கல்வியும் ஒரு காரணம். 'விருப்பம் உள்ளவர்கள் படிக்கலாம்' என்று அன்றைக்கு விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தக் கதவை அடைத்தவர்களும் அதே ஆட்சியாளர்கள்தான். 'போர்க்குணம் உள்ள இனங்கள்' என்ற பொய்க் கோட்பாட்டைக் கொண்டுவந்து, 1890களின் தொடக்கத்தில் மகர்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்தினார்கள். ஓய்வுபெற்ற ஹவில்தார் கோபால் பாபா வாலங்கர் 1894இல் அதை எதிர்த்து மனு எழுதினார். அந்த மனுவை எழுதும் கல்வியை அவருக்குக் கொடுத்ததும் படைதான். படை கற்றுக்கொடுத்ததை வைத்தே படையைக் கேள்வி கேட்டார். முதல் உலகப்போருக்கு ஆள் தேவைப்பட்டபோது 1917இல் மகர் படைப்பிரிவு ஒன்றை உருவாக்கினார்கள், போர் முடிந்ததும் 1921இல் கலைத்தார்கள். மறுபடி உலகப்போர் வந்த பிறகு 1941இல்தான் மகர் ரெஜிமென்ட் உருவானது. தேவை என்றால் கூப்பிடுவதும் முடிந்ததும் அனுப்பிவிடுவதும் நமக்குப் புதிதில்லை.

நம் பக்கத்திலும் இதே கதைதான். மதராஸ் சாப்பர்ஸ் படையில் பறையர் சமூகத்தினர் தலைமுறை தலைமுறையாகச் சேவை செய்தார்கள். பாலம் கட்டுவது, பாதை வெட்டுவது, கண்ணிவெடி அகற்றுவது எல்லாம் அவர்கள் வேலை. கையில் வேலை இருந்தது. கட்டளையிடும் இடம் மட்டும் வெகுதூரத்தில் இருந்தது.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். 2022 ஜூனில் அக்னிபத் திட்டம் வந்தது. பதினேழரை வயதில் சேரலாம். நான்கு ஆண்டுச் சேவை. அதன்பின் அதிகபட்சம் 25 விழுக்காட்டினர் மட்டுமே நிரந்தரப் படைக்குத் தேர்வு செய்யப்படுவார்கள். மற்றவர்கள் சேவா நிதி என்று சுமார் 11.71 லட்சம் ரூபாயோடு வீடு திரும்ப வேண்டும். ஓய்வூதியம் கிடையாது. நாயக், ஹவில்தார், சுபேதார் என்று படிப்படியாக ஏறும் ஏணியில் அக்னிவீரருக்கு இடம் இல்லை. அவருக்கென்று தனி நிலை ஒன்றை வைத்திருக்கிறார்கள். நான்கு ஆண்டும் அவர் கட்டளை கேட்பவர்தான்.

2022 இறுதியில் சேர்ந்த முதல் அணியின் நான்காண்டு 2026 இறுதியில் முடிகிறது. நால்வரில் மூவர் இருபதுகளிலேயே ஊருக்குத் திரும்புவார்கள். அவர்களில் நம் காலனிப் பையன்களும் இருப்பார்கள். என்னவாகத் திரும்புவார்கள்? ஏ.டி.எம். வாசலில் காவல் நிற்கவா? சொன்னதைச் செய்யப் பழகிய ஒருவனை யாரும் எளிதாக வேலைக்கு வைத்துக்கொள்வார்கள். சாதிக்கட்சிகளுக்கும் மதவாத அமைப்புகளுக்கும்கூட அப்படிப்பட்ட ஆள் தேவை. பத்துப் பேரை ஒருங்கிணைக்க, தகராறைத் தீர்க்க, ஒரு திட்டத்தை எழுதி நிறைவேற்ற, தவறான உத்தரவைத் தவறு என்று மரியாதையோடு சொல்லக் கற்றவன் திரும்பி வந்தால் கதை வேறு. கிராமசபையில் எழுந்து நின்று வரவு செலவைக் கேட்பான். இந்த வித்தியாசத்தைத்தான் நாங்கள் தலைமைப் பயிற்சி என்கிறோம்.

அக்னிவீரர்களுக்குக் கல்வியே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. இக்னோ வழியாக இளநிலைப் பட்டம் படிக்க ஏற்பாடு செய்திருக்கிறார்கள். படைப்பயிற்சியையே பாதி மதிப்பெண் அலகாகக் கணக்கிடுவார்களாம். பத்தாம் வகுப்போடு சேர்ந்தவர்கள் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் பெறவும் வழி இருக்கிறது. வரவேற்கிறோம். ஆனால் சான்றிதழ் வேறு, தலைமை வேறு. தலைமையை நான்காண்டுக் காவல் பணியின் பக்கவிளைவாக எதிர்பார்க்க முடியாது. அதைக் கற்பிக்க வேண்டும்.

இணையவழி என்பதற்கு வருவோம். அமெரிக்கப் படையில் என்ன நடந்தது? பயிற்சி கட்டாயம், ஆனால் அதற்கான நேரம் பலருக்குக் கிடைக்கவில்லை. பணி முடிந்து வீட்டுக்கு வந்து, குடும்பத்தோடு இருக்க வேண்டிய நேரத்தில், திரையில் அடுத்த பக்கம், அடுத்த பக்கம் என்று தட்டிக்கொண்டே போனார்கள். முன்னால் ஆசிரியர் இல்லை, சந்தேகம் கேட்க ஆள் இல்லை. கடைசியில் அது பதவி உயர்வுப் படிவத்தில் போட வேண்டிய ஒரு டிக் ஆகிப்போனது. அவர்கள் கைவிட்டதைப் பார்த்து 'பார்த்தீர்களா, கட்டாயம் தோற்றுவிட்டது' என்று சிலர் சொல்லக்கூடும். எங்களுக்கு அப்படித் தெரியவில்லை. பயிற்சியின் சுமை முழுவதையும் படிப்பவன் தலையில் கட்டி, கற்பிக்கும் பொறுப்பிலிருந்து நிறுவனம் நழுவிக்கொண்டது. தோற்றது அதுதான்.

இதை நாம் வேறொரு நாட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கொரோனாக் காலத்தில் நம் தெருவில் என்ன நடந்தது? ஒரு வீட்டில் ஒரு கைப்பேசி, மூன்று பிள்ளைகள். அப்பா வேலைக்குப் போகும்போது கைப்பேசியும் கூடவே போய்விடும். திரையில் பாடம் நடந்தது, பிள்ளை படித்ததா என்று பார்க்க ஆள் இல்லை. அந்த இழப்பைச் சரிக்கட்ட 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கியபோது என்ன செய்தது? தன்னார்வலர்களைத் தெருவுக்கே அனுப்பியது. மனிதர் வந்து உட்கார்ந்த பிறகுதான் படிப்பு மறுபடி பிடிபட்டது.

இன்னொரு வகைக் கட்டாயமும் இருக்கிறது. அதை எதிர்ப்பதில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம். கற்பிப்பதைக் கட்டாயம் ஆக்காமல் தேர்வை மட்டும் கட்டாயம் ஆக்குவது. பக்கத்து அரியலூர் மாவட்டத்துக் குழுமூர் அனிதாவை மறக்க முடியுமா? பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 வாங்கிய பிள்ளை. மாநில அரசு கற்பித்த பாடத்தை ஒதுக்கிவிட்டு, கற்பிக்காத ஒன்றில் தேர்வு வைத்தார்கள். 2017 செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம். படைச் சேர்க்கையிலும் 2023 முதல் ஓட்டத்துக்கு முன்னால் கணினித் தேர்வு வந்துவிட்டது. வருடக்கணக்கில் சாலையில் ஓடிய கால்களுக்கு வேலை வருவதற்கு முன்பே திரை வடிகட்டிவிடுகிறது. தொடக்கத்தில் ஆங்கிலமும் இந்தியும் மட்டும்தான். 2025இல்தான் தமிழ் உட்பட 13 மொழிகளில் எழுத முடிந்தது. ஆக, திரை எப்போதும் எல்லோருக்கும் சமம் என்று யாரும் எங்களிடம் சொல்ல வேண்டாம்.

எனவே நாங்கள் கேட்பது இவை:

ஒன்று, சேர்ந்த முதல் ஆண்டிலிருந்தே ஒவ்வொரு அக்னிவீரருக்கும் ஒவ்வொரு சிப்பாய்க்கும் தலைமைப் பயிற்சி கட்டாயம் வேண்டும். யாரை அனுப்புவது என்று பொறுக்கி எடுக்கக் கூடாது.

இரண்டு, அது பணி நேரத்தில் நடக்க வேண்டும். இணையத்தைப் பாடப்புத்தகம் போலப் பயன்படுத்தட்டும். வகுப்பும் ஆசிரியரும் விவாதமும் இருந்தே ஆக வேண்டும்.

மூன்று, தாய்மொழியில் இருக்க வேண்டும். தடுமாறும் மொழியில் யாரும் தலைமை தாங்கக் கற்க முடியாது.

நான்கு, பாடத்தில் அரசமைப்புச் சட்டம் இருக்க வேண்டும். தீண்டாமையை ஒழித்த 17ஆவது பிரிவைப் படிக்காத தலைவன் யாருக்குத் தலைவன்?

ஐந்து, பயிற்சிக்குப் பின் பொறுப்பு தர வேண்டும். நான்கு பேர் கொண்ட குழுவையாவது நடத்தவிட வேண்டும். நீச்சலைக் கரையில் உட்கார வைத்துக் கற்பிக்க முடியாது.

நம் தோழர்களில் சிலர் வேறு கேள்வி கேட்கிறார்கள். அரசின் படைக்கு நம் பிள்ளைகளை ஏன் அனுப்ப வேண்டும், அதற்குள் பயிற்சி வேறு ஏன் கேட்க வேண்டும் என்கிறார்கள். நியாயமான கேள்வி. போரையோ போர்வெறியையோ நாங்கள் கொண்டாடவில்லை. ஆனால் வெங்காயக் காட்டுக் கூலியைத் தவிர வேறு வருமானம் இல்லாத வீட்டுப் பையனிடம் 'போகாதே' என்று சொல்லும் தகுதி, மாற்று வேலை கொடுக்கிறவருக்குத்தான் உண்டு. அவன் போகத்தான் போகிறான். போகிறவன் வெறும் உடம்பாகப் போய் வெறும் உடம்பாகத் திரும்பக் கூடாது என்பதுதான் எங்கள் கவலை.

கடைசியாக ஒன்று. படையிடம் கேட்பதை நாம் நம் அமைப்புகளில் செய்கிறோமா? நம் கூட்டங்களில் மேடையில் பேசுபவர் எத்தனை ஆண்டுகளாக அதே நான்கு பேர்? கொடி கட்டுகிற தம்பி, நாற்காலி போடுகிற தம்பி, கூட்டத்துக்கு ஆள் கூட்டி வரும் அக்கா என்றைக்காவது தலைமை வகித்திருக்கிறார்களா? 'அவருக்குத்தான் பேசத் தெரியும்' என்று அந்தப் பள்ளிக்கூடத்தில் கேட்ட அதே பதிலை நாமும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் படிப்பகத்தில் இந்த மாதத்திலிருந்து ஒரு விதி போட்டிருக்கிறோம். வாரம் ஒருவர் கூட்டத்தை நடத்த வேண்டும். நிகழ்ச்சி நிரல், குறிப்பேடு, கணக்கு எல்லாம் அவர் பொறுப்பு. யாருக்கும் விலக்கு இல்லை. பயமாக இருக்கிறது என்று சொல்பவருக்கு முதல் வாரத்தில் பழகியவர் ஒருவர் பக்கத்தில் உட்காருவார், அவ்வளவுதான்.

'சிப்பாய்க்கு எதுக்குத் தலைமைப் பயிற்சி' என்று கேட்ட தம்பியின் முறை அடுத்த வாரம் வருகிறது. "எனக்கு வேணாம்ணே" என்றான். "வேணுமா வேணாமானு உன்னை யாருடா கேட்டா?" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறோம்.

ஜெய்பீம்.